அளவெடுத்துத் தைத்த செல்

சட்டை வாங்க இரண்டு வழி உண்டு. எம்.சி. ரோடுக்குப் போய், 'வாங்க சார், வாங்காட்டியும் பாத்துட்டுப் போங்க' என்று கையைப் பிடித்து இழுக்கும் கடையில் ரெடிமேட் எடுக்கலாம். தோள் தொங்கும், கை ஏறும், ஆனால் அன்றைக்கே கிடைத்துவிடும். அல்லது தெருமுனை டெய்லரிடம் அளவு கொடுக்கலாம். 'வெள்ளிக்கிழமை ரெடி' என்பார். எந்த வெள்ளிக்கிழமை என்று மட்டும் சொல்ல மாட்டார்.

மனித உடம்பின் ஸ்பேர் பார்ட்ஸ் விஷயத்திலும் இதே இரண்டு வழிதான். ரெடிமேட் என்றால் அடுத்தவர் தருகிற சிறுநீரகம், எலும்பு மஜ்ஜை. டெய்லர் மேட் என்றால், உங்கள் தோலில் ஒரு துணுக்கைக் கிள்ளி, அதிலிருந்து உங்களுக்கே உங்களுக்காகக் கணையச் செல்லோ, கண் செல்லோ, நரம்புச் செல்லோ வளர்த்துத் தருவது. குளோனிங் முறையில் இதைச் செய்யலாம் என்று விஞ்ஞானிகள் இருபத்தைந்து வருஷத்துக்கும் மேலாகச் சொல்லி வருகிறார்கள். 'வெள்ளிக்கிழமை ரெடி' பாணியில்தான்.

இத்தனை சிரமம் எதற்கு? நம் உடம்பின் வாசலில் ஒரு வாட்ச்மேன் உட்கார்ந்திருக்கிறார். ரத்தத்தின் வெள்ளை அணுப் படை. ஒவ்வொரு செல்லின் மேலும் எச்.எல்.ஏ. என்று ஓர் ஐடெண்டிடி கார்டு தொங்குகிறது. கார்டு பொருந்தவில்லை என்றால், உயிர் காக்க வந்த சிறுநீரகமே ஆனாலும் தர்ம அடிதான். அதனால்தான் மாற்றுச் சிறுநீரகம் வைத்துக்கொண்டவர்கள் காலம் பூராவும் வாட்ச்மேனைத் தூங்கவைக்கும் மாத்திரை சாப்பிடுகிறார்கள். வாட்ச்மேன் தூங்கினால் நிஜத் திருடனும் உள்ளே வருவான் என்பது அதில் உள்ள கஷ்டம். கூடப்பிறந்த ஒருவரின் கார்டு முழுசாகப் பொருந்த நாலில் ஒரு வாய்ப்புதான். உங்கள் செல்லையே உங்களுக்குத் திருப்பித் தந்தால் இந்தச் சள்ளையே இல்லை அல்லவா?

இந்த வாரம் இதை எழுத உட்கார்ந்ததற்கு ஒரு காரணம் உண்டு. கொடுங்கையூரில் எங்கள் பக்கத்துத் தெருப் பையன் ஒருவன், மணலிப் பக்கம் வெல்டிங் வேலைக்குப் போனவன், சாரத்திலிருந்து விழுந்து முதுகெலும்பு அடிபட்டு இடுப்புக்குக் கீழே அசைவில்லாமல் கிடக்கிறான். அவனுடைய அண்ணன் கண்ணதாசன் நகர் பஸ் டெர்மினஸ் பக்கத்து டீக்கடையில் என்னை மடக்கினான். கையில் ஒரு வழவழா நோட்டீஸ்.

"இன்னாண்ணா, ஸ்டெம் செல்லாமே, முதுகுல ஊசி போட்டா எய்ந்து நடந்துடுவானாமே! அவன் செல்லையே எடுத்து அவனுக்கே போடறதால சைடு எஃபெக்டே கெடையாதாம். நாலு லட்சம் கேக்கறாங்கோ. வூட்டுக்காரி நகைய வெச்சா தேறும். வெக்கலாமாண்ணா?"

டீ ஆறிப்போனது. 'வை' என்றோ 'வைக்காதே' என்றோ ஒரு வார்த்தையில் சொல்லிவிட்டு பஸ் ஏற முடியாத கேள்வி. கொஞ்சம் பின்னாலிருந்து வர வேண்டும்.

* * *

ஓர் ஆபீஸை நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு டிபார்ட்மென்ட்டிலும் ஒரு பீரோ. எல்லா பீரோவிலும் கம்பெனியின் அத்தனை ஃபைல்களும் காப்பி எடுத்து அடுக்கியிருக்கிறது. ஆனால் தோல் டிபார்ட்மென்ட் கிளார்க்குக்குத் தோல் சம்பந்தப்பட்ட டிராயர் மட்டும்தான் திறந்திருக்கும். மூளை, இதயம், கணையம் டிராயர்களுக்கெல்லாம் அரக்கு சீல். நம் உடம்பின் செல்கள் இப்படித்தான். எல்லாவற்றிலும் முழு டி.என்.ஏ. இருக்கிறது, தேவையான பக்கம் மட்டும் திறந்திருக்கிறது.

அந்த சீலை உடைக்க முடியுமா? முடியும் என்று 1962-ல் தவளைகளை வைத்துக் காட்டியவர் இங்கிலாந்தின் ஜான் கர்டன். தவளை முட்டையின் உட்கருவை அழித்துவிட்டு, தலைப்பிரட்டையின் குடல் செல்லிலிருந்து உட்கருவை எடுத்து உள்ளே வைத்தார். முட்டை பாட்டுக்கு வளர்ந்து தவளையாகிவிட்டது. (இந்த கர்டன் பள்ளியில் உயிரியல் பாடத்தில் 250 பையன்களில் கடைசி. மார்க் ஷீட்டைப் பார்த்து மகனை மொத்தும் அப்பாக்கள் கவனிக்க.)

கிளார்க்கைக் கொண்டுபோய் எம்.டி. நாற்காலியில் உட்காரவைத்தால், அந்த ரூமின் காற்றே அவருக்கு எல்லா டிராயரையும் திறந்துவிடுகிறது என்பதுதான் சங்கதி. கருமுட்டைதான் அந்த ரூம். 1996-ல் ஸ்காட்லாந்தில் 277 முயற்சிகளுக்குப் பிறகு டாலி என்கிற செம்மறியாடு இதே வழியில் பிறந்தது. நம் நாட்டிலும் இது நடந்திருக்கிறது. ஹரியானாவின் கர்னால் தேசியப் பால் பண்ணை ஆராய்ச்சி நிலையத்தில் 2009 பிப்ரவரியில் குளோனிங் எருமைக்கன்று ஒன்று பிறந்து சில நாட்களில் இறந்தது. அதே ஜூனில் பிறந்த 'கரிமா' இரண்டு வருஷம் வாழ்ந்தது. 2010-ல் பிறந்த 'கரிமா-2' ஒரு கருநிலை ஸ்டெம் செல்லிலிருந்தே உருவானது. அது பிற்பாடு சம்பிரதாயப்படி கன்றும் ஈன்றது.

மனிதரில் செய்ய நினைத்தது ஆடு மாடு போல முழு ஆளை அச்சடிப்பதல்ல. பெண்ணின் கருமுட்டை ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. அதன் உட்கருவை மெல்லிய ஊசியால் உறிஞ்சி வெளியே எடுத்துவிட்டு, நோயாளியின் தோல் செல்லை உள்ளே விட்டு, லேசாக ஒரு கரண்ட் ஷாக். ஐந்தாறு நாளில் சுமார் நூறு செல் கொண்ட குட்டிப் பந்து. அதை கர்ப்பப்பையில் வைக்காமல், பந்தின் உட்புறத்து செல்களை மட்டும் எடுத்துத் தட்டில் வளர்த்தால், நோயாளியின் கார்டையே மாட்டிக்கொண்ட கருநிலை ஸ்டெம் செல்கள். எந்த உறுப்பாகவும் மாறச் சம்மதிக்கிற சின்னப் பையன்கள்.

பேப்பரில் எழுத நன்றாகத்தான் இருக்கிறது.

* * *

2004-ல் தென் கொரியாவின் கால்நடை விஞ்ஞானி ஹ்வாங் வூ-சுக், மனிதரில் இதைச் சாதித்துவிட்டதாக 'சயின்ஸ்' இதழில் எழுதினார். 2005-ல் அடுத்த வெடி: முதுகுத்தண்டு அடிபட்டவர், சர்க்கரை நோயாளி என்று பலருக்கும் அளவெடுத்துத் தைத்த மாதிரி 11 ஸ்டெம் செல் வரிசைகள். நாடே கொண்டாடியது. அவருக்கு 'உச்ச விஞ்ஞானி' பட்டம். சக்கர நாற்காலிக்காரர் படிப்படியாக எழுந்து, குதித்து, இன்னொருவரைக் கட்டித் தழுவுகிற மாதிரி படம் போட்டுத் தபால்தலையே வெளியிட்டார்கள். சிகிச்சை பெற்று எழுந்தவர் என்று ஒரே ஒருவர்கூட இல்லாதபோதே!

பிறகு கதை கந்தலானது. எம்.பி.சி. என்கிற டி.வி. சேனல் தோண்ட ஆரம்பித்தது. ஆரம்பத்தில் ஜனங்கள் டி.வி.க்காரர்களைத்தான் திட்டினார்கள். இளம் ஆராய்ச்சியாளர்கள் கட்டுரையில் இருந்த போட்டோக்களை உற்றுப் பார்த்தபோது, வேறு வேறு செல் என்று போட்டிருந்த படங்களில் சில ஒரே படம். 2006 ஜனவரியில் சியோல் தேசியப் பல்கலைக்கழகம் தீர்த்துச் சொல்லிவிட்டது: 11 வரிசையில் ஒன்றுகூட நிஜமில்லை. 2004-ல் சொன்னதும் ரீல். (அவர் குளோன் செய்த ஸ்னப்பி என்கிற நாய் மட்டும் சாட்சாத் அசல்.) தபால்தலை விற்பனையை நிறுத்தினார்கள். 2009-ல் பணக் கையாடல், கருமுட்டைக்குச் சட்டவிரோதமாகக் காசு கொடுத்தது ஆகிய குற்றங்களுக்காக அவருக்கு நிறுத்திவைக்கப்பட்ட சிறைத் தண்டனை.

ரீல் விட்டதைவிட என்னை உறுத்துகிற விஷயம் இன்னொன்று. அந்த ஆராய்ச்சிக்காகப் பெண்களிடமிருந்து எடுத்த கருமுட்டைகள் இரண்டாயிரத்துக்கும் மேல். அதில் அவரிடமே வேலை பார்த்த இரண்டு ஜூனியர் பெண்களின் முட்டையும் அடக்கம். பாஸ் கேட்டால் லீவு லெட்டரையே கிழித்துப் போடுகிற நாம், பாஸ் கருமுட்டை கேட்டால் ஒரு பெண் என்ன செய்வாள் என்று யோசித்துப் பார்க்கலாம்.

* * *

சரி, நிஜமாகவே யாரும் செய்யவில்லையா? செய்தார்கள். 2013-ல் அமெரிக்காவின் ஆரகன் மாநிலத்தில் ஷூக்ரத் மித்தலிபோவ் குழு. அவர்கள் கண்டுபிடித்த சூட்சுமங்களில் ஒன்று என்ன தெரியுமா? காஃபின்! நம் ஃபில்டர் டிகாக்ஷனில் இருக்கிற அதே சமாசாரம். உட்கருவை உறிஞ்சும்போது மனித முட்டை அவசரப்பட்டு வேலையை ஆரம்பித்துவிடுகிறது. துளி காஃபின் சேர்த்தால் பொறுமையாகக் காத்திருக்கிறது. நாம் காப்பி குடித்தால் பரபரப்பு, முட்டை குடித்தால் நிதானம்.

அவர்கள் எடுத்தது கருவின் தோல் செல்லும், பரம்பரை நோயுள்ள ஒரு குழந்தையின் செல்லும். 2014-ல் 35, 75 வயது ஆண்கள் இருவரின் தோலிலிருந்து இன்னொரு குழு எடுத்துக் காட்டியது. அதே வருஷம் நியூயார்க்கில் டீட்டர் எக்லி குழு, முதல் வகைச் சர்க்கரை நோயுள்ள 32 வயதுப் பெண்ணின் செல்லிலிருந்து அவருக்கே பொருந்தும் ஸ்டெம் செல்லை உருவாக்கி, அதை இன்சுலின் சுரக்கும் செல்லாகவும் மாற்றியது. ஹ்வாங் பொய்யாகச் சொன்னது ஒன்பது வருஷம் கழித்து நிஜமானது.

ஆனாலும் இந்த வழி ராஜபாட்டை ஆகவில்லை. ஏனென்றால் ஒவ்வொரு நோயாளிக்கும் யாராவது ஒரு பெண் கருமுட்டை தர வேண்டும். அது ரத்த தானம் மாதிரி பத்து நிமிஷ ஜூஸ் பிஸ்கட் விவகாரம் அல்ல. தினம் ஹார்மோன் ஊசி, பிறகு மயக்க மருந்து, உள்ளே ஊசி விட்டு எடுப்பது. சிலருக்கு வயிறு வீங்கி உயிருக்கே ஆபத்து வரும்.

யார் தருவார்கள்? பெரிய பங்களாப் பெண்களா? வட சென்னைக்காரனுக்கு இந்தக் கேள்விக்குப் பதில் தெரியும். வில்லிவாக்கத்துக்கு 'கிட்னிவாக்கம்' என்று பட்டப்பெயர் விழுந்த காலம் ஒன்று இருந்தது. 1994-ல் உறுப்பு விற்பனையைத் தடுக்கச் சட்டம் வந்தது. அதற்குப் பிறகும், சுனாமியில் எல்லாம் இழந்து எர்ணாவூர்க் குடியிருப்பில் கொண்டுவந்து வைக்கப்பட்ட மீனவப் பெண்கள் கடனுக்காகச் சிறுநீரகத்தை விற்ற கதை 2007 ஜனவரியில் அம்பலமானது. 2022-ல் ஈரோட்டில் 16 வயதுச் சிறுமியின் கருமுட்டையைத் திரும்பத் திரும்ப விற்றதாக அவள் அம்மாவே கைதானார். 2021-ல் வந்த மத்தியச் சட்டப்படி, 23 வயதுக்கு மேல் 35 வயதுக்குள் இருக்கும் பெண், ஆயுளில் ஒரே ஒரு முறை, அதிகபட்சம் ஏழு முட்டைதான் தரலாம். மனிதரை முழுசாகக் குளோன் செய்வதற்கு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் விதிகள் கண்டிப்பான தடை போட்டிருக்கின்றன. ஸ்டெம் செல்லுக்காகக் குளோன் கரு உருவாக்குவதும் விசேஷ அனுமதி இல்லாமல் கூடாது. சும்மா ஒன்றும் போடவில்லை இந்த வேலியை.

* * *

இந்தச் சிக்கலிலிருந்து தப்பிக்கக் குறுக்குச் சந்து ஒன்றைக் காட்டியவர் ஜப்பானின் ஷின்யா யமனாகா. எலும்பு ஆபரேஷன் டாக்டராக ஆரம்பித்தவர். மற்றவர்கள் அரை மணியில் முடிக்கிற ஆபரேஷனுக்கு இவர் மணிக்கணக்கில் எடுத்துக்கொள்வாராம். 'ஜாமனாகா' என்று கேலி செய்தார்கள். ஜப்பான் பாஷையில் 'ஜாமா' என்றால் இடைஞ்சல். மனுஷன் கத்தியை வைத்துவிட்டு லேபுக்குப் போனார்.

எம்.டி. ரூமே எதற்கு, கிளார்க் சீட்டிலேயே நாலு சாவியைக் கொடுத்தால் என்ன என்று யோசித்தார். 2006-ல் எலியின் தோல் செல்லில் நாலே நாலு மரபணுவைச் செலுத்தினார். எல்லா டிராயரும் திறந்துகொண்டன! 2007-ல் மனிதத் தோலிலும். முட்டை வேண்டாம், கரு வேண்டாம். 2012-ல் நோபல் பரிசு, கடைசி பெஞ்ச் கர்டனுடன் சேர்த்து. இடைஞ்சலுக்கும் கடைசி ராங்குக்கும் சேர்ந்தே மாலை.

2014-ல் ஜப்பானில் எழுபதுகளில் இருந்த மூதாட்டி ஒருவருக்கு அவருடைய தோலிலிருந்தே இப்படிச் செய்த விழித்திரைப் படலத்தைக் கண்ணில் வைத்தார்கள். பார்வை மேலும் மோசமாகாமல் நின்றது. ஆனால் இரண்டாவது நோயாளியின் செல்லில் மரபணுக் கோளாறு தென்பட, ஆபரேஷனையே நிறுத்திவிட்டார்கள். அதற்குப் பிறகு அவர்களே டெய்லர் கடையை விட்டு ரெடிமேட் பக்கம் திரும்பினார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகத் தைத்துப் பரிசோதிக்க மாதக்கணக்கில் நேரமும் மூட்டை மூட்டையாகப் பணமும் ஆகிறது.

சீனாவின் தியான்ஜினில் 2023-ல் 25 வயதுப் பெண் ஒருவருக்கு அவருடைய சொந்த செல்லிலிருந்து இன்சுலின் செல் செய்து வயிற்றுத் தசையில் வைத்தார்கள். இரண்டரை மாதத்தில் இன்சுலின் ஊசியே தேவைப்படவில்லை. ஆனால் அவர் ஏற்கெனவே கல்லீரல் மாற்றிக்கொண்டு, வாட்ச்மேனைத் தூங்கவைக்கும் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தவர். அது இல்லாமல் நிற்குமா என்பது அடுத்தடுத்த ஆட்களில்தான் தெரியும்.

நம்ம ஊர்? சென்ட்ரலில் ரயில் ஏறினால் காட்பாடி. வேலூர் சி.எம்.சி.யில் 1986 முதல் எலும்பு மஜ்ஜை மாற்று நடக்கிறது. அங்குள்ள ஸ்டெம் செல் ஆராய்ச்சி மையத்தார், ரத்தம் உறையாத ஹீமோஃபிலியா நோயாளிகள் ஐந்து பேரின் சொந்த ரத்த ஸ்டெம் செல்லை எடுத்து, பழுதான மரபணுவுக்கு மாற்றாக நல்லதைச் சேர்த்துத் திருப்பி ஏற்றினார்கள். 2024 டிசம்பரில் வெளியான அறிக்கை வரை ஐந்து பேருக்கும் ரத்தக் கசிவு பூஜ்யம். இது குளோனிங்கும் அல்ல, கருநிலை செல்லும் அல்ல. ஆனால் நிஜம். ஒழுங்காக அனுமதி வாங்கி, பதிவு செய்து, நல்லது கெட்டது இரண்டையும் அச்சில் போட்ட நிஜம்.

* * *

டீக்கடைத் தம்பிக்கு நான் சொன்னது இதுதான். நோட்டீஸ்காரர்கள் போடுவது பொதுவாக எலும்பு மஜ்ஜையிலிருந்தோ கொழுப்பிலிருந்தோ உறிஞ்சிய செல். மேலே சொன்ன மேஜிக் செல்லுக்கும் அதற்கும் பெயரில் மட்டும்தான் சம்பந்தம். இந்திய விதிகளின்படி, ரத்தம் சார்ந்த சில நோய்களுக்கான மஜ்ஜை மாற்று தவிர மற்றதெல்லாம் பரிசோதனைக் கணக்கில்தான் வரும். முதுகுத்தண்டு அடிபட்டவரை எழுப்பி நடக்கவிடும் ஸ்டெம் செல் ஊசி எதுவும் நிரூபணமாகவில்லை. நகையை வைப்பதற்கு முன்னால் மூன்று கேள்வி கேள்.

ஒன்று: இது பரிசோதனை என்றால், இந்திய மருத்துவப் பரிசோதனைப் பதிவேட்டின் நம்பர் எங்கே? சி.டி.ஆர்.ஐ. நம்பர் என்று கேட்டால் போதும். இன்டர்நெட்டில் யார் வேண்டுமானாலும் சரிபார்க்கலாம்.

இரண்டு: பரிசோதனை என்றால் என்னிடம் எதற்குக் காசு? சோதனை எலிக்கு யாராவது டிக்கெட் போடுவார்களா?

மூன்று: சைடு எஃபெக்ட் இல்லை என்பதை எழுத்தில், கையெழுத்தோடு தருவீர்களா?

தம்பி போய்க் கேட்டிருக்கிறான். முதல் கேள்விக்கு 'மேனேஜர் லஞ்சுக்குப் போயிருக்கார்' என்றார்களாம். இரண்டாவது கேள்விக்கு, 'இன்னைக்கே கட்டினா டிஸ்கவுன்ட் உண்டு.' மூன்றாவதைக் கேட்க அவனுக்கே தோன்றவில்லை.

"அப்ப அவன் எய்ந்திருக்கவே மாட்டானாண்ணா?" என்றான். அதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. இருந்த பதிலைச் சொன்னேன். கே.கே. நகரில் அரசு மறுவாழ்வு மருத்துவமனை இருக்கிறது. வேலூரில் 1966-லேயே மறுவாழ்வு மையம் தொடங்கியவர் டாக்டர் மேரி வர்கீஸ். 1954-ல் கார் விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு, சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளுக்கு ஆபரேஷன் செய்தவர். படுக்கைப் புண் வராமல் பார்ப்பது, சிறுநீர்த் தொற்று வராமல் பார்ப்பது, கைகளை வலுவாக்குவது, நாற்காலியில் உட்கார்ந்தே செய்கிற தொழில் ஒன்று பழகுவது. கேட்கப் பிரமாதமாக இருக்காது. நோட்டீஸ் அடிக்க முடியாது. ஆனால் ஆளைக் காப்பாற்றுவது இதுதான். அந்த நாலு லட்சத்தில் வாசற்படியை இடித்துச் சரிவுபோட்டு, நல்ல சக்கர நாற்காலி வாங்கி, சின்னதாக ஒரு செல்போன் ரிப்பேர் கடையும் வைக்கலாம். செல் என்றால் இந்த செல், இப்போதைக்கு.

நாளை வரலாம். கர்டனின் தவளைக்கும் தியான்ஜின் பெண்ணுக்கும் நடுவே அறுபது வருஷம் ஓடியிருக்கிறது. விஞ்ஞானம் அப்படித்தான் நடக்கும், நம் ஜி.என்.டி. ரோடு டிராஃபிக் மாதிரி, ஆனால் நடக்கும். வருகிற அன்று யாரும் டீக்கடையில் நோட்டீஸ் கொடுக்க மாட்டார்கள், டிஸ்கவுன்ட் சொல்ல மாட்டார்கள். முதலில் நடந்து காட்டுவார்கள், பிறகுதான் தபால்தலை அடிப்பார்கள்.

பின்குறிப்பு: காஃபின் விஷயத்தைப் படித்துவிட்டு, 'ஆராய்ச்சிக்காக' என்று வீட்டில் நாலாவது காப்பி கேட்கப்போகும் அன்பர்களுக்கு: அது முட்டைக்கு மட்டும்தான் வேலை செய்யும். உங்களுக்குக் கிடைப்பது வேறு விதமான ஷாக்.